தோல் நோயும் கண் காப்பும்: கொல்லிமலை முதல் கோவை வரை

தோல் மருத்துவமும் கண் மருத்துவமும் இன்று தனித்தனித் துறைகளாக வளர்ந்துவிட்டன என்றாலும், தோலில் தொடங்கிக் கண் பார்வையையே பறிக்கவல்ல நோய்கள் சில உண்டு என்பதால், இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று விட்டு விலக முடியாதவை. இந்த உண்மையைத் தமிழகத்துக்கு முதலில் உணர்த்தியது தொழுநோய். அதே கவனத்தை இன்று வேண்டி நிற்பது, தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோயாகிய தோல் லிம்போமா. முதல் நோயிலிருந்து கற்ற பாடம் இரண்டாம் நோய்க்கும் எவ்வாறு பொருந்துகிறது என்பதை அறிய, கொங்கு நாட்டின் கீழை எல்லையிலுள்ள கொல்லிமலையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

இன்றைய நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லிமலையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி இணையர் குடியேறினர். மருத்துவரை எட்டவே முடியாத நிலையிலிருந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, தாம் பெற்றிருந்த அடிப்படை மருத்துவப் பயிற்சியைக் கொண்டே அவர்கள் புண்ணுக்குக் கட்டுப்போட்டும் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தும் தொண்டு செய்தனர். 1929 இல் ஜெஸ்ஸி அம்மலையிலேயே காய்ச்சலுக்குப் பலியானார். ஈவ்லினோ 1974 இல் மறையும் வரை தமிழக மலைமக்களுக்கே உழைத்தார். இவர்களுக்கு 1914 இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த மகன்தான் பின்னாளில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு முதன்மைக் காரணம் தசை அழுகுவதன்று, வலியுணர்வு அற்றுப்போவதே என்று நிறுவினார்.

பால் கைகளுக்குச் செய்ததைக் கண்களுக்குச் செய்தவர் அவருடைய மனைவி மார்கரெட் பிராண்ட். 1947 இல் வேலூர் வந்த அவர், கண் மருத்துவத்தில் தனிப்பயிற்சி ஏதும் இல்லாதிருந்தும், ஆள் பற்றாக்குறையால் அத்துறையில் பணியேற்று, பணியினூடாகவே அதைக் கற்றுத் தேர்ந்தார். தொழுநோய்க் கிருமி முகநரம்பின் கிளையைத் தாக்கும்போது இமையை மூடும் தசை செயலிழக்கிறது. கருவிழிக்கு உணர்வூட்டும் நரம்பைத் தாக்கும்போது தூசி விழுந்தாலும் உறுத்தல் தெரிவதில்லை. இமை மூடாத, உறுத்தலும் அறியாத கண் உலர்ந்து, புண்பட்டு, இறுதியில் பார்வை இழக்கிறது. இதுவன்றிக் கிருமி கண்ணுக்குள்ளேயே புகுந்து கருவிழிக்குப் பின்னுள்ள திரையை அழற்சிக்கு உள்ளாக்குவதும் உண்டு.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 இல் செயல்படத் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் நிலையத்திலும் மார்கரெட்டின் பணி தொடர்ந்தது. இமை மூடாதவர்களுக்கு, மெல்லுவதற்குப் பயன்படும் கன்னப்பொறித் தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இமைகளோடு இணைக்கும் அறுவை செய்யப்பட்டது. அதன்பின் நோயாளி பல்லைக் கடிக்கும்போதெல்லாம் கண் மூடிக்கொள்ளும் என்பதால், நினைவாகக் கடித்துக் கண்ணை மூடும் பழக்கத்தை அவர் நாள்தோறும் பயில வேண்டியிருந்தது. கண் சிமிட்டும் வேகத்தை நோயாளி அறியாமல் கவனிப்பது, மெல்லக் கண்ணை மூடச் சொல்லி இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்பது போன்ற எளிய சோதனைகள், தொழுநோயாளி எவரையும் கண்ணைப் பாராமல் அனுப்பக்கூடாது என்ற மருத்துவ வழக்கத்துக்கு அடிப்படையாயின. 1981 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபின் நோய் பெருமளவு தணிந்து, 2005 டிசம்பரில் இந்தியா, பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே அதைக் கொண்டுவந்தது.

தோல் லிம்போமாவின் வரலாறு பாரிஸ் நகரில் தொடங்குகிறது. அங்குள்ள புனித லூயி மருத்துவமனையில் ழான் லூயி அலிபேர் 1806 இல் உடலெங்கும் காளான் போன்ற கட்டிகள் எழுந்த ஒரு நோயாளியைக் கண்டு விவரித்தார். அதனால் இந்நோய் வகை மைகோசிஸ் ஃபங்காய்ட்ஸ் என்று அழைக்கப்பட்டாலும், இதற்கும் பூஞ்சைக்கும் தொடர்பில்லை. உடல் முழுதும் சிவந்து, இரத்தத்திலும் பிறழ்ந்த அணுக்கள் தோன்றும் வகையை 1938 இல் ஆல்பெர் செசாரி விவரித்தார். நோய் எதிர்ப்புக்கு உதவும் டி வகை வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகித் தோலில் குடியேறுவதே இவ்விரண்டுக்கும் பொதுவான அடிப்படை என்பது 1970களில் தெளிவாயிற்று.

இந்நோயில் கண் பாதிக்கப்படுவது அரிது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், 2,155 நோயாளிகளுள் 42 பேருக்கே நோய் தொடர்பான கண் பாதிப்புகள் காணப்பட்டன. அவற்றுள் மிகுதியாக இருந்தது, இமைத்தோல் தடித்துச் சுருங்கிக் கீழிமையை வெளிப்புறமாக இழுத்துவிடும் நிலை. இங்கே நரம்பு கெடவில்லை, தோல் கெடுகிறது. ஆயினும் கருவிழி உலர்ந்து புண்படும் முடிவு தொழுநோயில் நேர்வதையே ஒத்திருக்கிறது. சிகிச்சையும் கண்ணைக் கருதியே அமைய வேண்டும்: இமைக்குக் கதிர்வீச்சு தரும்போது விழியின்மேல் காப்புத் தகடு பொருத்த வேண்டும், சோராலென் மருந்தை உட்கொண்டு புறஊதாக் கதிரேற்கும் நோயாளி, கண்புரை வராமல் காக்க அக்கதிரைத் தடுக்கும் கண்ணாடியை அணிய வேண்டும்.

இந்தியாவில் இவ்விரு நோய்களும் ஒன்றாக மயங்குவதும் உண்டு. கருநிறத் தோலில் தோல் லிம்போமா சில வேளைகளில் வெளிறிய திட்டுகளாகத் தோன்றுவதால் தொழுநோய்த் தேமல் என்று கருதப்படலாம். முற்றிய நிலையில் முகத்தோல் தடித்துச் சிங்கமுகம் போலாவதும் இரண்டிலும் காணப்படுகிறது. திட்டில் உணர்வு குறைந்திருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்று சோதிப்பதும், தோலைச் சிறிது கிள்ளியெடுத்துத் திசுப் பரிசோதனை செய்வதுமே ஐயத்தைத் தீர்க்கும்.

கொங்கு நாட்டில் இன்று இவற்றுக்கு வசதி இல்லாமலில்லை. 1966 இல் தொடங்கிய கோவை அரசு மருத்துவக் கல்லூரி, 1977 இல் தொண்டு மருத்துவ மையமாக முளைத்துக் கண் மருத்துவமனையாக வளர்ந்த சங்கரா, மதுரையிலிருந்து 1997 இல் கோவைக்கு விரிந்த அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவை கோவையை மேற்குத் தமிழகத்தின் மருத்துவ மையமாக்கியுள்ளன. எனவே இனித் தேவைப்படுவது துறைகளுக்கிடையே கூட்டுறவே. தோல் லிம்போமா என்று உறுதியான ஒவ்வொரு நோயாளியையும், கண்ணில் தொல்லை தெரியும் வரை காத்திராமல், தொடக்கத்திலேயே கண் மருத்துவரிடம் அனுப்புவதைத் தோல் மருத்துவர்களும் புற்றுநோய் மருத்துவர்களும் கடமையாகக் கொள்ள வேண்டும்; ஆறாத தோல் திட்டுகளோடு கண் சிவப்பும் நீர்வடிதலும் உடையவர்கள், கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் கடத்தாமல், இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.