வரிச்சட்ட லாபி (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

சட்டசபையின் நடைக்கூடத்தில் காத்திருந்து, அங்கத்தினர்களைக் கண்டு பேசி, மசோதாவைத் தம் கட்சிக்காரருக்குச் சாதகமாகத் திருப்ப முயல்வோரின் தொழிலுக்கு, அக்கூடத்தின் பெயரே ஆகுபெயராய் நின்று லாபி என வழங்கலாயிற்று. 1913-ல் இறக்குமதித் தீர்வையைக் குறைக்கும் மசோதா காங்கிரஸின் முன் வந்தபோது, சர்க்கரை, கம்பளி முதலாளிகளின் ஆட்கள் வாஷிங்டனில் மொய்ப்பதைக் கண்டு ஜனாதிபதி உட்ரோ வில்சன் பகிரங்கமாகக் கண்டிக்கவே, செனட் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, அம்மசோதாவால் லாபநஷ்டம் அடையக்கூடிய சொத்து உண்டா என்று தன் அங்கத்தினர்களையே பிரமாணத்தின் மேல் கேட்டது. லாபிக்காரரை ஆராயப் புகுந்த சபை தன்னையும் ஆராய்ந்துகொள்ள நேர்ந்தது.

லாபிக்காரர் பெயரைப் பதிந்து வரவுசெலவைக் காட்டவேண்டும் என்ற பொதுச் சட்டம் 1946-ல்தான் பிறந்தது. அங்கத்தினரோடு நேரடியாகத் தொடர்புகொள்வதற்கே அது பொருந்தும் என்று 1954-ல் ஹாரிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் குறுகிய வியாக்கியானம் செய்ததும் அதன் பல் உதிர்ந்துவிட்டது. இதற்கிடையே ஒரு வேடிக்கை: சட்டம் இயற்றுவோரிடம் லாபி செய்த பணத்தை வியாபாரச் செலவாகக் கழித்துக்கொள்ளக் கம்பெனிகளுக்கு 1962-ல் அனுமதி கிடைத்து, 1993 வரை நீடித்தது, வரியைக் குறைக்கும்படி கேட்பதற்கான செலவே வரியைக் குறைத்தது.

கம்பெனி வரியை 46 சதவீதத்திலிருந்து 34 ஆக்கி, ஈடாகப் பல சலுகைகளை ஒழித்த 1986-ம் ஆண்டுச் சட்டம் உருவானபோது, கமிட்டி அறைக்கு வெளியே 'கூச்சி' என்ற விலையுயர்ந்த இத்தாலியப் பாதரட்சை அணிந்து நின்றவர்களின் கூட்டத்தால் அந்த நடைபாதைக்குக் 'கூச்சிப் பள்ளத்தாக்கு' என்ற பரிகாசப் பெயர் நிலைத்தது.

1995-ம் ஆண்டுச் சட்டம் அரையாண்டு அறிக்கையை விதித்தது. ஏப்ரமாஃப் என்ற லாபிக்காரரின் ஊழலுக்குப் பின் 2007-ல் அது மும்மாத அறிக்கையாயிற்று. படிவத்தில் கம்பெனியின் பெயர், லாபிக்காரர் பெயர், பத்தாயிரக் கணக்கில் முழுமையாக்கிய டாலர் தொகை, 'டாக்ஸ்' என்ற மூன்றெழுத்துக் குறி, மசோதாவின் எண் எல்லாம் இருக்கும். சந்தித்த செனட்டர் யார், ஆதரித்துப் பேசியதா எதிர்த்தா என்பவை இரா. ஒரு கட்சிக்காரருக்குச் செய்யும் வேலையில் லாபிக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரமும் செலவிடாதவர் பதிவு செய்துகொள்ளவே வேண்டியதில்லையாதலால், 'ஆலோசகர்' என்னும் பட்டத்துக்கு அந்நகரில் மதிப்பு மிகுதி.

ஆயினும் இந்த அரைகுறைக் கணக்கும் வீண்போகவில்லை. வெளிநாட்டில் ஈட்டிய லாபத்தை 5.25 சதவீத வரியோடு தாயகம் கொண்டுவர 2004-ல் வழங்கிய சலுகையைக் கான்ஸாஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மூவர் அறிக்கைகளோடு ஒப்புநோக்கி, அதற்காக லாபி செய்த கம்பெனிகளுக்கு ஒரு டாலர் செலவுக்கு 220 டாலருக்கு மேல் வரி மிச்சமாயிற்று என்று 2009-ல் கணித்தனர்.