டம்ளரில் கரையும் ஆஸ்பிரின்: வயிறு தப்பிக்குமா?

"ஆஸ்பிரினை அப்படியே முழுங்காதே, தண்ணியில கரைச்சுக் குடி. வயித்தைப் புண்ணாக்காது." இந்த அறிவுரையை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்குப் பின்னால் நூறு வருஷ மருத்துவ வரலாறு இருக்கிறது, பாதி உண்மையும் இருக்கிறது. சிக்கல் மீதிப் பாதியில்தான்.

முதலில் ஒரு வேடிக்கை. ஆஸ்பிரினே வயிற்றைக் காப்பாற்றப் பிறந்த மருந்துதான். 1876 வாக்கில் மூட்டுவாதக் காய்ச்சலுக்கு சாலிசிலேட் மருந்துகளைக் கிராம் கணக்கில் கொடுக்க ஆரம்பித்தார்கள். வலி குறைந்தது, ஆனால் குமட்டல், வாந்தி, வயிற்றெரிச்சல். 1897-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைச் சுத்தமாகத் தயாரித்தார். 1899-இல் அதற்கு 'ஆஸ்பிரின்' என்று பெயர் வைத்தார்கள். வயிற்றில் உடையாமல் கடந்து குடலில்தான் பிரியும், அதனால் வயிற்றுக்கு இதமானது என்று அங்கிருந்த மருந்தியலாளர் ஹைன்ரிக் டிரெஸர் எழுதினார். ரொம்ப நாள் எல்லாரும் அதை நம்பினார்கள்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஒரு ஊர். 1928-இல் ஃப்ளூ காய்ச்சல் பரவிய நேரம். அந்த ஊர்ப் பத்திரிகை ஆபீஸில் மட்டும் யாரும் லீவு போடவில்லையாம். காரணம், ஆசிரியர் எல்லாருக்கும் ஆஸ்பிரினோடு ஆப்ப சோடாவைக் கலந்து கொடுத்துவந்தார். அங்கே வந்த மைல்ஸ் லேபரட்டரீஸ் தலைவர் ஹப் பியர்ட்ஸ்லி இதைக் கேட்டுவிட்டு, தன் வேதியியலாளரிடம் "இதை ஒரே மாத்திரையா செய்ய முடியுமா?" என்று கேட்டார். 1931-இல் ஆல்கா-செல்ட்ஸர் கடைக்கு வந்தது. இது கம்பெனி வழியாக வந்த கதை, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்த மாத்திரையில் இருப்பது ஆஸ்பிரின், சோடா, சிட்ரிக் அமிலம் என்பதில் சந்தேகமில்லை.

சோடா என்ன செய்கிறது? ஆஸ்பிரின் தண்ணீரில் லேசில் கரையாது. 300 மில்லிகிராம் கரைய அரை டம்ளர், அதாவது சுமார் 100 மில்லி தண்ணீர் வேண்டும், அதையும் கலக்கிக்கொண்டே இருக்கணும். சோடா சேர்ந்தால் அது சோடியம் உப்பாக மாறிச் சட்டென்று கரைந்துவிடும். பொங்கி வரும் நுரை கரியமில வாயு. கரைத்ததை எடுத்துவைத்து அப்புறம் குடிக்கவும் கூடாது. ஈரம் பட்டால் ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடைய ஆரம்பிக்கும். பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வருவது அதனால்தான்.

கரைப்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடைத்தது லண்டனில். 1938-இல் கைஸ் ஆஸ்பத்திரியின் டௌத்வெயிட், லின்டாட் என்ற இரண்டு மருத்துவர்கள், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் வயிற்றுக்குள் குழாய் விட்டு நேரிலேயே பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு உட்சுவர் சிவந்திருந்தது, சிலருக்கு ரத்தக்கசிவும் இருந்தது. டிரெஸர் சொன்னது பொய்த்துப்போனது. 1948-இல் பிரிட்டனின் ரெக்கிட் அண்ட் கோல்மன் கம்பெனி, சுண்ணாம்புச் சத்து சேர்த்த கரையும் ஆஸ்பிரினை 'டிஸ்பிரின்' என்று விற்க ஆரம்பித்தது. நம்மூரிலும் தலைமுறைகளுக்குப் பழக்கமான பெயர். 1955-இல் மியூர், கோஸார் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். வயிற்று ஆபரேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்து, வெட்டியெடுத்த பகுதியைப் பார்த்தார்கள். கரையாத மாத்திரைத் துணுக்குகள் சவ்வில் ஒட்டியிருந்தன, சுற்றிலும் புண். ஆக, துணுக்கு ஒட்டாமல் இருந்தால் அந்த இடத்துப் புண் குறையும். கரைத்துக் குடி என்பதில் உள்ள பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதி 1971-இல் தெரியவந்தது. ஆஸ்பிரின் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உருவாவதைத் தடுக்கிறது என்று ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். வலியைக் கிளப்பும் அதே பொருள்கள்தான் வயிற்றுச் சவ்வுக்குக் கவசமும். ஆஸ்பிரின் ரத்தத்தில் கலந்தபிறகு அந்தக் கவசத்தை உள்ளேயிருந்தே மெலிய வைக்கிறது. ரத்தத் தட்டணுக்களையும் அவற்றின் ஆயுள் முழுக்க முடக்கிவிடுகிறது. மாத்திரையாக முழுங்கினாலும் டம்ளரில் கரைத்துக் குடித்தாலும் ரத்தத்தில் சேர்வது அதே மருந்துதானே?

1996-இல் லான்செட் இதழில் வந்த ஒரு ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஆஸ்பிரின் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டால், வயிற்றில் பெரிய ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு சாதா ஆஸ்பிரினுக்கு 2.6 மடங்கு, குடலில் கரையும் பூச்சு போட்டதற்கு 2.7, அமிலமுறிவு சேர்த்ததற்கு 3.1. கிட்டத்தட்ட ஒன்றுதான். 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வயிற்றெரிச்சலுக்கு என்று விற்கும் ஆஸ்பிரின் கலந்த நுரை மருந்துகளால் ரத்தக்கசிவு வரலாம் என்று எச்சரித்தது. யோசித்துப் பாருங்கள், வயிறு சரியில்லை என்று குடித்த மருந்தே வயிற்றில் ரத்தம் கசிய வைக்கிறது!

அப்போ கரைக்கவே கூடாதா? கரையும் மாத்திரையைக் கரைத்துத்தான் குடிக்கணும், எரிச்சல் குறையலாம். ஆனால் "கரைச்சுட்டேன், இனி பயமில்லை" என்று தினமும் குடிப்பதுதான் தப்பு. பூச்சு போட்ட மாத்திரையைப் பொடிக்கவோ கரைக்கவோ வேண்டாம். நுரை மாத்திரையில் சோடியம் அதிகம், பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரினே கூடாது, குழந்தைகளுக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதில் வேறு ஆபத்து இருக்கிறது. ஏற்கெனவே அல்சர் இருந்தால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.