கழுத்துக்குட்டை கடல் கடந்த கதை



பரிசளிப்பு விழா மேடையில் வரிசையாக நிற்கும் நம் மாணவத் தலைவர்களின் கழுத்தைச் சற்றுப் பாருங்கள். எல்லாரும் டை கட்டியிருப்பார்கள். அதில் பாதி, முடிச்சை முன்கூட்டியே போட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்தது. தலைவழியே மாட்டிவிட்டால் வேலை தீர்ந்தது. 'வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். அந்தப் பழக்கத்துக்குள் நம் சோழமண்டலக் கரைத் தறியின் இழையும் ஒன்று ஓடுகிறது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனால், பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் போய் நிற்கலாம்.

முதலில் டையின் கதை. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையில் கூலிக்குப் போரிட்ட குரோவாசியச் சிப்பாய்கள் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றி முடிந்திருந்தார்கள். பாரிசுக்காரர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. அந்த இனத்தின் பெயரே திரிந்து 'கிராவாட்' என்று துணிக்கும் பெயராயிற்று. இன்று நாம் காணும் நீண்ட டை மிகவும் பிந்தியது. 1920-களில் நியூயார்க் தையற்காரர் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப், துணியை 45 பாகைக் கோணத்தில் குறுக்காக வெட்டி, மூன்று துண்டுகளாக இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குறுக்காக வெட்டினால் துணி அதிகம் வீணாகும். ஆனால் அப்படி வெட்டிய பட்டுதான் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும்.

கைத்தையல் டை ஏன் அவ்வளவு விலை என்று கேட்பீர்கள். உள்ளே கம்பளித் துணி வைத்து, பட்டை மடித்து, முதுகுப்புறத்தை ஒரே நீள நூலால் தளர்வாகத் தைத்துக்கொண்டு போவார்கள். கடைசியில் சிறிது நூலை வளையமாக விட்டுவிடுவார்கள். முடிச்சுப் போடும்போது தையல் அந்த நூலை இழுத்துக்கொள்ளும். அவிழ்த்தால் திருப்பிக் கொடுக்கும். சாதாரண இயந்திரத் தையலுக்கு இந்த இளக்கம் வராது. நல்ல டையை அறிய வழி சுலபம். சிறிய முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஒழுங்காக வெட்டித் தைத்ததாக இருந்தால் முறுக்காமல் நேராகத் தொங்கும். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து மரினெல்லா கடை 1914-ஆம் ஆண்டு முதல் இந்தக் கைவேலையை நம்பியே பெயரெடுத்திருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பட்டு டை வருமுன் ஐரோப்பாவில் சாதாரண உழைப்பாளியும் மாலுமியும் கழுத்தில் கட்டியது சதுரக் குட்டை. அதில் பேர்போன ஒரு வகை சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதே துணி வாணிகத்துக்காகத்தான். 'புலிக்காட்' என்று ஐரோப்பியர் தங்கள் வாயில் நுழைந்த அளவுக்கு ஊர்ப்பெயரைச் சொன்னார்கள். சுற்றுவட்டாரத்தில் நெய்து அந்தத் துறையில் கப்பலேறிய கட்டத் துணிக்கெல்லாம் அதுவே பெயராயிற்று.

அதன் அருமை சாயத்தில் இருக்கிறது. சிவப்புக்குச் சாயவேர், கடற்கரை மணலில் தோண்டி எடுப்பது. நீலத்துக்கு அவுரி. நூலை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் திரும்பத் திரும்ப ஊறவைத்துக் காயப்போட்டு, படிகாரம் சேர்த்து, அப்புறம்தான் சாயத்தில் போடுவார்கள். நாள் கணக்கில் ஆகும். அச்சடித்த துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் உண்டு. நூலுக்கே சாயம் ஏற்றி நெய்த இந்தத் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றே. கழுத்தில் எப்படித் திருப்பிக் கட்டினாலும் நிறம் மாறாது. பாவிலும் ஊடையிலும் நிற நூலை எண்ணி எண்ணி வைத்து, கெஜத்துக்கு ஒரு குட்டையாக, எட்டு கெஜத் துண்டில் எட்டுக் குட்டை வருமாறு நெய்தார்கள். ஓர் இழை தப்பினால் கட்டமே கோணிவிடும்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு: "சார், நம்ம ஆளுங்க எல்லாம் பால்மரம் வெட்டத்தான் கப்பலேறி வந்தாங்களா?" ரப்பர் வருவதற்கு நூறாண்டு முன்பே வந்தவர்களும் உண்டு. பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது 1786-இல். எட்டு ஆண்டுகளுக்குள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் இங்கே இருப்பதாக அவரே எழுதினார். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து துணிமூட்டையோடு வந்தார்கள். மிளகும் பாக்கும் ஈயமும் கொண்டு திரும்பினார்கள். அவர்களுடைய தலைவர் காதர் மைதீன். கப்பித்தான் பட்டம் பெற்ற அவர் பெயரில்தான் பள்ளிவாசல். அதற்கு 1801-இல் ஆங்கிலக் கம்பெனி நிலம் கொடுத்தது. பிட் தெரு என்றிருந்த சாலைக்கும் பின்னாளில் அதுவே பெயராயிற்று. 'கெலிங்' என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு இன்று முகம் சுளிக்கும், நியாயந்தான். ஆனால் அது கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். சங்கத் தமிழில் 'கலிங்கம்' என்றாலே துணி என்றுதான் பொருள்!

பழவேற்காட்டுப் பெயரும் இங்கே சாகவில்லை. மலாய் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலெகாட்'. பெலெகாட் என்பது அந்தப் புலிக்காட்டேதான். பள்ளிவாசல் சாலையின் சுற்றுவட்டாரக் கடைகளில் இன்றும் அது அடுக்கடுக்காக இருக்கிறது. இன்று அதில் பெரும்பாலானது விசைத்தறியில் வந்தது.

ஊர்ப்பெயர் இன்னும் தூரம் போயிற்று. மெக்சிகோ நாட்டில் கழுத்திலும் தலையிலும் கட்டும் குட்டைக்குப் 'பலியகாத்தே' என்று பெயர். பழவேற்காட்டிலிருந்து வந்த சொல் என்றே அகராதிக்காரர்கள் பலரும் கூறுகிறார்கள். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டத் துணிக்கு 'மதராஸ்' என்று பெயர். நைஜீரியாவில் கலபாரி மக்கள் அதே வகைத் துணியைப் பிறப்பிலும் இறப்பிலும் சடங்குக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் அடிமைகளை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் இருந்தது. நெய்தவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

பெயர் பரவியது போல் பிழைப்பு பரவவில்லை. 1780-களிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளில் 'புலிக்காட்' குட்டைகள் நெய்யத் தொடங்கிவிட்டார்கள். துணி அவர்களுடையது, பெயர் மட்டும் நம்முடையது! 1869-இல் செயற்கைச் சிவப்புச் சாயம் விற்பனைக்கு வந்தது. 1897-இல் செயற்கை நீலம். மணலைத் தோண்டிச் சாயவேர் எடுத்தவர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

1958-இல் இன்னொரு திருப்பம். அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்குச் சென்னைக் கட்டத் துணி போயிற்று. தண்ணீரில் போட்டதும் சாயம் ஓடியது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 'சாயம் ஓடுவதுதான் இதன் அழகு, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம்' என்று கதையைத் திருப்பிவிட்டார்கள். சட்டையும் கோட்டும் டையுமாக அது அங்கே பணக்காரப் பிள்ளைகளின் உடையாயிற்று. ஒரு காலத்தில் மாலுமி கழுத்தில் கிடந்த கட்டம், கல்லூரி டையாக மறுபடி கழுத்துக்கே ஏறிவிட்டது.

பழவேற்காடு இன்று ஏரிக்கும் மீன்பிடிப்புக்கும் பெயர்பெற்ற சிறிய ஊர். பழைய டச்சுக் கல்லறைத் தோட்டம் ஒன்று அங்கே பாதுகாக்கப்படுகிறது. துணி வாங்க வந்தவர்களின் பெயர்கள் கல்லில் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நெய்தவர்கள் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை.