சீருடையும் குரலும்



ஒருவர் மற்றொருவராக நடித்துப் பொருள் கவர்வதை ஆள்மாறாட்டம் என்கின்றோம். இந்நாளில் அது தொலைபேசி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் நம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. கருவிகள் புதியன, சூழ்ச்சியோ பழையது. அதன் வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில், காப்டன் உடையணிந்த முதியவர் ஒருவர் வழியிற் கண்ட போர்வீரர் சிலரை நிறுத்தித் தம்முடன் வருமாறு ஆணையிட்டார். அவர்கள் மறுசொல் சொல்லாது சென்றனர். ரயிலேறி, அருகிலிருந்த கோப்பெனிக் என்னும் சிற்றூரை அடைந்த அவர், நகர்மன்றத்தைச் சூழ்ந்து காவல் வைத்தார்; நகரத் தலைவரைக் கைது செய்வதாக அறிவித்தார்; கருவூலப் பணத்தைக் கணக்கிடச் செய்து, பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றுக்கொண்டு மறைந்தார். அவர் காப்டன் அல்லர். வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி. வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையிலே கழித்தவர். அவ்வுடையைப் பழைய துணிக் கடைகளில் வாங்கிச் சேர்த்திருந்தார்!

செய்தி கேட்டு உலகமே நகைத்தது. ஆனால், அன்று ஏமாந்தவர்களை மூடர் என்று நான் கருதவில்லை. சீருடையைக் கண்டால் கேள்வி கேளாது பணிதல் வேண்டும் என்று அவர்கள் இளமை முதலே பழக்கப்பட்டிருந்தனர். ஃபோய்க்ட் கவர்ந்தது முதலில் அந்தப் பணிவைத்தான். பணம் அதன் பின்னரே வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், புதுதில்லிப் பாராளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் தலைமைக் காசாளருக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. பேசியவர் தம்மைப் பிரதமரின் செயலாளர் ஹக்ஸர் என்றார். அடுத்துப் பிரதமர் இந்திரா காந்தியின் குரலும் கேட்டது. வங்காள தேசம் தொடர்பான மறைவான பணிக்கு 60 லட்சம் ரூபாய் உடனே தேவை என்பதே செய்தி. எல்லை கடந்து அகதிகள் திரள் திரளாக வந்துகொண்டிருந்த நாள்கள் அவை. ஆகவே கேட்டவருக்கு அது நம்பத் தக்கதாகவே தோன்றியது. காசோலையின்றி, பற்றுச்சீட்டின்றிப் பெட்டியில் பணத்தை அடுக்கி, அவரே காரில் எடுத்துச் சென்றார். அடையாளச் சொல் கூறிய ஒரு மனிதரிடம் ஒப்படைத்தார். பற்றுச்சீட்டு வேண்டிப் பிரதமரின் இல்லத்துக்குச் சென்று, பின்னர் ஹக்ஸரை நேரிற் கண்டபோதுதான், அப்படி ஓர் அழைப்பே அங்கிருந்து செல்லவில்லை என்பது வெளிப்பட்டது.

பணத்தைப் பெற்றவர் நாகர்வாலா என்னும் முன்னாள் இராணுவ அதிகாரி. குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றே நாள்களில் நான்காண்டுத் தண்டனை பெற்றார், பின்னர் மறுவிசாரணை கோரினார், 1972இல் இறந்தார். இவ்வழக்கைப் பற்றிய ஐயங்களை ஆராய நீதிபதி ஜகன்மோகன் ரெட்டி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டும் அவை முற்றும் தீர்ந்தபாடில்லை. அந்த அரசியலுள் நான் புகவில்லை. என் உள்ளத்தைத் தைப்பது வேறொன்று. காசாளரின் மேசைமேல் இருந்த அதே தொலைபேசியை எடுத்து, பிரதமரின் அலுவலகத்தை ஒருமுறை அழைத்திருந்தால் யாவும் அப்போதே முடிந்திருக்கும். அதைச் செய்யவிடாது தடுத்தவை இரண்டு: அவசரம், இரகசியம்.

இன்று ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரால் நடக்கும் மோசடியில் சீருடையும் குரலும் ஒருங்கே வருகின்றன. உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் அகப்பட்டது என்பார்கள். வீடியோ அழைப்பில் காவல் அதிகாரியின் உடையில் ஒருவர் தோன்றுவார். இணைப்பைத் துண்டிக்கலாகாது, தாய் தந்தையரிடமும் சொல்லலாகாது என்று மிரட்டிப் பணத்தை அனுப்பச் சொல்வார்கள். நம் சட்டத்தில் இப்படி ஒரு கைது இல்லவே இல்லை. கைதானவருக்குக் காரணத்தைக் கூற வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. கைதான செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவித்தாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வீட்டாருக்குச் சொல் என்பது சட்டம்; சொல்லாதே என்பவன் வேடதாரி.

நண்பர் குரலில் பணம் கேட்டு அழைப்பு வரினும் இதே சோதனை போதும். இப்போது பதிவான சிறிதளவு பேச்சைக் கொண்டே ஒருவர் குரலைக் கணினி போலவே ஒலிக்கச் செய்கிறது. எனவே குரலை ஆராய்வதில் பயனில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு, முன்பே நாம் அறிந்த எண்ணில் நாமே அவரை அழைத்துக் கேட்க வேண்டும்.

தில்லியில் அன்றைக்கே காவல்துறைக்குப் புகார் சென்றமையால் பணத்தின் பெரும்பகுதி மீண்டது. இன்று பணம் சில நிமிடங்களில் பல வங்கிக் கணக்குகளைக் கடந்துவிடும். ஆதலால், இழந்தவர் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். புகார் விரைந்து பதிவானால், இன்னும் எடுக்கப்படாத தொகையை வங்கிகள் முடக்கி வைக்க வழியுண்டு.