பிளாக்பிரையர்ஸ் மடம், நியூகாசில்

இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் நதிக்கரையிலுள்ள நியூகாசில் நகரத்தில், டொமினிக்கன் சபைத் துறவியர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்த மடாலயமே பிளாக்பிரையர்ஸ் ஆகும். வெள்ளை அங்கியின்மேல் கறுப்புப் போர்வை தரித்த இவர்களை ஜனங்கள் ‘கறுப்புத் துறவியர்’ என்று அழைக்க, அப்பெயரே மடத்துக்கும் நிலைத்தது. யாசித்து உண்டு, பிரசங்கம் புரிவதையே விரதமாகக் கொண்டிருந்த இச்சபையார், ஏகாந்தமான வனங்களை நாடாமல் ஜனநெருக்கமுள்ள நகரங்களையே இருப்பிடமாகத் தேர்ந்தனர்.

வடபுறத்தில் தேவாலயமும், அதன் தெற்கே சதுரமான முற்றமும், முற்றத்தை மூன்று பக்கமும் அணைத்தவாறு சபைக்கூடம், போஜனசாலை முதலிய கட்டடங்களும் அமைந்திருந்தன. 1280ஆம் ஆண்டையொட்டி நகரமதில் மடத்துத் தோட்டத்தை ஊடறுத்துச் சென்றபோது, துறவியர் அப்பால் போய்வர மதிலில் குறுகிய வாயிலொன்று திறந்துகொள்ள அரசன் முதலாம் எட்வர்டு அனுமதி அளித்தான். 1334இல், ஸ்காட்லாந்து அரசுரிமை கோரிய எட்வர்டு பேலியல், மூன்றாம் எட்வர்டின் மேலாதிக்கத்தை ஏற்றுப் பணிந்ததும் இம்மடத்திலேயாம்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539இல் இதுவும் அரசன் வசமாயிற்று. பின்னர் நகரசபை இதனை விலைக்கு வாங்கிற்று. தேவாலயம் இடிபட்டது. ஆனால், 1552இல் ரொட்டி சுடுவோர், கசாப்புக்காரர், கொல்லர், தையற்காரர், செருப்புத் தைப்போர், தோல் பதனிடுவோர் முதலிய ஒன்பது கைவினைஞர் சங்கங்களுக்கு எஞ்சிய கட்டடங்கள் குத்தகைக்கு விடப்பட்டன. ஒவ்வொரு சங்கமும் தன் கூட்டத்துக்கேற்பச் சுவர்களைப் பழுதுபார்த்தும், புது ஜன்னல்களைத் திறந்தும், சில பகுதிகளைத் தன்னைச் சார்ந்த ஏழைகளுக்கு இருப்பிடமாக ஒதுக்கியும் ஆண்டுவந்தமையால், மடத்தின் கற்கள் பிற மடங்களின் கற்களைப்போல் வேறு கட்டடங்களுக்கு இரையாகாமல் தப்பின.

காலப்போக்கில் சங்கங்கள் தளர்ச்சியுறவே, கட்டடங்களும் சிதிலமடைந்தன. இருபதாம் நூற்றாண்டில் நகராட்சி அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்று, 1970களில் தொடங்கிய புனருத்தாரணத்தை 1981இல் நிறைவு செய்தது. தேவாலயம் நின்ற இடத்தை இன்று தரையில் பதித்த கல்வரைகளே காட்டுகின்றன. முற்றத்தைச் சூழ்ந்த மணற்கற் சுவர்களிலோ, துறவியர் காலத்துக் கல்வேலையும் சங்கத்தார் காலத்து மாற்றங்களும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. கைவினைஞர் கூடங்களும் உணவுவிடுதியும் இப்போது அங்கே இயங்குகின்றன. வழிபாட்டுக்கென எழுந்த பகுதி மறைய, உண்பதற்கும் கூடுவதற்கும் எழுந்த பகுதிகளே நிலைத்தமைக்கு, அவற்றின் பயன் ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடாததே காரணம் எனலாம்.