கடல் காட்சிக்கும் சட்டத்தில் இடம் உண்டு!

கடற்கரையில் நின்னு, வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்துக்கிட்டே இருக்க உங்களுக்கும் பிடிக்கும்தானே? அந்தக் கோட்டில் நூறு ராட்சதக் காற்றாலைகள் வரப்போகுதுன்னா என்ன சொல்வீங்க? இங்கிலாந்தில் அரசே இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஹீரோ கப்பலா... கடலா?

17-ம் நூற்றாண்டில், கப்பல் வணிகத்தில் கொழித்த நெதர்லாந்தில்தான் கடல் ஓவியம் தனி வகையாக வளர்ந்தது. அதில் பெரும்பாலும் கப்பல்தான் ஹீரோ. பிறகு கடலே ஹீரோ ஆனது. 1816-ல் தேனிலவுக்காக டார்செட் கடற்கரைக்குப் போனார் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள். அந்தப் பயணத்தில் பிறந்த 'வேமவுத் விரிகுடா' ஓவியத்தில் போர்க்கப்பல் எதுவும் இல்லை. மணல், அலை, மேகம்... அவ்வளவுதான். லண்டன் நேஷனல் கேலரியில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

ரசனை திட்டமிடலுக்குள் வந்த கதை

2000-ல் ஃப்ளாரன்ஸில் உருவான ஐரோப்பிய நிலக்காட்சி உடன்படிக்கை, கடல் பகுதியையும் சேர்த்துக்கொண்டது. 2012-ல் 'நேச்சுரல் இங்கிலாந்து' அமைப்பு, கடல் காட்சியை எப்படி மதிப்பிடுவது என்று வழிகாட்டியே வெளியிட்டது. இது அழகுக்கு மார்க் போடுற வேலை இல்லை. கரையின் வடிவம், மீன்பிடிப்பு, கப்பல் பாதை, வரலாறு, அங்கே நிற்பவருக்கு என்ன தோணுது... எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து அந்த இடத்தின் இயல்பைப் பதிவு செய்வது.

ஒன்றுக்கு நோ... ஒன்றுக்கு ஓகே!

அதே டார்செட் கடலில் 121 காற்றாலைகள் வரை நிறுவ வந்தது 'நேவிட்டஸ் பே' திட்டம். திறன், 970 மெகாவாட். ஆனால், அருகிலேயே 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜுராசிக் கடற்கரை இருக்கு. காட்சி பாதிக்கும் என்பதை முக்கியக் காரணமாகச் சொல்லி, 2015 செப்டம்பரில் அரசு அனுமதி மறுத்தது. அளவைக் குறைத்த மாற்றுத் திட்டமும் தேறவில்லை.

அதுக்காக எப்பவும் காட்சிதான் ஜெயிக்கும்னு நினைக்காதீங்க. அதே தென்கரையில், பிரைட்டன் எதிரே 'ராம்பியன்' திட்டத்துக்கு 2014-ல் அனுமதி கிடைத்தது. இன்று 116 காற்றாலைகள் அங்கே சுழலுது.

காற்றாலையும் வேணும், கடல் காட்சியும் வேணும். அதனால், 'வேணுமா, வேணாமா' என்பதைவிட 'எங்கே, எவ்வளவு தூரத்தில், எத்தனை' என்பதுதான் சரியான கேள்வி. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைக் கேட்டுட்டா, வருஷக்கணக்கான உழைப்பு வீணாகாது.

அடுத்தமுறை கடல் பார்க்கப் போனால், இங்கே எது மாறினால் இது வேற இடமாகிடும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. திட்டமிடுபவர்கள் தொடங்குவதும் அங்கிருந்துதான்.