வட்டத்துள் நின்று வேண்டியவர்

இறைவன் திருமுன் ஒன்றை வேண்டுவோர் அடங்கிய சொல்லால் வேண்டுதல் உலக வழக்கு. அவ்வடக்கத்தோடு உரிமையுங் கலந்து, வேண்டியது கைகூடுமளவும் விடாப்பிடியாய் நிற்றலும், அப்பிடிவாதத்தைத் தாமே சொல்லி நகைத்தலும் யூத மக்களிடைப் பண்டுதொட்டு வரும் மரபாம். சோதோம் நகரைக் காத்தற்பொருட்டு ஆபிரகாம், ஐம்பது நல்லோர் உளராயின் பொறுத்தருள்க எனத் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது எனப் படிப்படியே குறைத்துப் பத்தில் வந்து நின்ற செய்தி ஆதியாகமத்துட் காணப்படும். சந்தையில் விலைபேசுவார் போன்ற அவ்வுரையாடலில் இறைவன் ஒருமுறையும் சினந்திலன். இம்மரபின் இயல்பை இனிது விளக்குவது ஹோனி என்பாரது வரலாறு.

ஹோனி கி.மு. முதல் நூற்றாண்டில் யூதேயாவில் வாழ்ந்தவர். வட்டமிடுவோர் என்னும் அடைமொழி பெற்றவர். அவர் கதை, கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் நூலில், நோன்புகளைப்பற்றிய பகுதியில் உள்ளது. அந்நாட்டிற் கோடை முழுதும் மழையின்று. அந்நாளிற் குளிர்காலத்துப் பெய்யும் நீரை நிலத்தடித் தொட்டிகளிற் சேமித்து ஆண்டு முழுதும் உண்டுவந்தனர். அம்மழை பொய்ப்பின் உயிர்வாழ்க்கை அரிதாயிருந்தது. அங்ஙனம் பொய்த்ததோர் ஆண்டில் மக்கள் ஹோனியை அணுகி மழைக்கு வேண்டுமாறு இரந்தனர். அவர், பஸ்காப் பெருநாளுக்கென முற்றத்தில் வைத்துள்ள மண்ணடுப்புக்கள் நனைந்து கரையாதவாறு முன்னரே உள்ளே எடுத்து வைம்மின் என்றார். பின்னர் வேண்டினார். ஒரு துளியும் வீழ்ந்திலது!

இந்நகைப்பிற்கு இடமான நிலையில் அவர் நாணி ஒதுங்கினாரல்லர். நிலத்தில் ஒரு வட்டங் கீறி அதனுள் நின்றார். தம்மை இறைவனது வீட்டுப்பிள்ளையெனக் கருதியே அவன் மக்கள் தம்மிடம் வந்தனர் என்றும், அவன் அவர்க்கு இரங்குமளவும் அவ்வட்டத்தை விட்டுப் பெயரேன் என்றும் சூளுரைத்தார். துளி துளியாகத் தூறிற்று. இதனை யான் வேண்டிற்றிலேன், தொட்டிகளும் குழிகளும் நிரம்பும் மழையே வேண்டினேன் என்றார். உடனே பெருஞ்சினத்தோடு கொட்டிற்று. இதனையும் வேண்டிற்றிலேன், அருளும் வளனும் தரும் மழையே வேண்டினேன் என்றார். அதன்பின் முறையாகப் பெய்த மழை நில்லாதாயிற்று. எருசலேம் மக்கள் வெள்ளத்திற்கஞ்சி ஆலயக் குன்றின்மேல் ஏறினர். மழை நிற்க வேண்டுமென மீண்டும் அவரிடமே ஓடினர். அவரோ, இழந்த பொருளைத் தேடுவோர் கூடும் பாறை கரைந்துவிட்டதா எனப் பார்த்து வம்மின் என்றார்.

அந்நாளிற் கற்றோர்க்குத் தலைவராயிருந்தவர் சிமியோன் பென் ஷெட்டாக் என்பார்; சமயவொழுங்கிற் கடுமை மிக்கவர். அவர் ஹோனிக்கு விடுத்த செய்தி சுவையுடைத்து. இங்ஙனம் இறைவனை வற்புறுத்தினார் வேறொருவராயின் அவரைக் குழுவினின்று விலக்கியிருப்பாராம். தந்தையை நச்சரிக்கும் மகன்போல் ஹோனி நச்சரிக்க, தந்தையும் இசைந்து கொடுப்பானாயின் தாம் செய்யத்தக்கது யாதென வினவினாராம். கண்டிக்கப் புகுந்த நீதியே கைவிரித்து நின்றது.

இவ்வுரிமை பிற்காலத்தும் மறைந்திலது. இக்காலத்து உக்ரேன் நாட்டிலுள்ள பெர்டிச்செவ் நகரில் விளங்கி 1809-இல் மறைந்த லேவி இட்ஸ்ஹாக் என்னும் சமயகுரு, தம் மக்களின் துயர்க்காக இறைவனோடே வழக்காடியவர் எனப் புகழ்பெற்றவர். அவரைப்பற்றி வழங்குங் கதையொன்று உண்டு. பாவமன்னிப்புப் பெருநாளில் எளிய தையற்காரன் ஒருவன், தான் மிச்சத்துணியை எடுத்துக்கொண்ட குற்றமும், இறைவன் தாயரிடமிருந்து மழலைகளைப் பிரித்த செயலும் ஒன்றற்கொன்று ஈடாகுக, ஒருவரையொருவர் மன்னிப்போம் என வேண்டினானாம். கேட்ட குரு, அவனை அத்துணை எளிதில் விட்டதென்னை, மக்கள் அனைவர்க்கும் மீட்சி கேட்டிருக்கலாமே என வருந்தினாராம். கேட்டார் நகுவர், நகைத்தபின் பிள்ளையை இழந்த தாயை நினைவர்.

இங்ஙனமாயின், வற்புறுத்தி எதனையும் பெறலாமோ எனின், ஹோனியின் முடிவே விடை கூறும். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், மழை வேண்டிப் பெற்ற ஓனியாஸ் என்பாரைக் குறிக்கின்றார்; அவரே ஹோனி என்பது அறிஞர் கொள்கை. கி.மு. 65-இல் உடன்பிறந்தாரிருவர் ஆட்சிக்குப் போரிட்டனர். அரிஸ்டோபுலஸ் ஆலயத்துள் ஒடுங்க, ஹிர்க்கானஸ் நபத்திய மன்னன் அரேட்டாவின் படையோடு முற்றுகையிட்டான். போருக்கு ஒளிந்திருந்த ஓனியாஸைப் பிடித்துக் கொணர்ந்து, மழையைப் பெற்ற அந்நாவால் உள்ளிருப்போரைச் சபிக்க எனப் பணித்தனர். அவர் மறுத்தும் விட்டாரல்லர். அவர் நடுவே நின்று, சூழ்ந்திருப்போரும் இறைவனுடைய மக்கள், உள்ளிருப்போரும் அவனுடைய குருமார். ஒருவர்க்கு எதிராக மற்றவர் வேண்டுங் கேட்டினை அவன் நிறைவேற்றாதொழிக என வேண்டினார். சூழ்ந்துநின்ற கொடியோர் அவரைக் கல்லாலெறிந்து கொன்றனர்.

மழைக்காக இறைவனிடத்துப் பிடிவாதஞ் செய்தவர், கேட்டினை வேண்டுமாறு மாந்தர் வற்புறுத்தியபோதும் அப்பிடிவாதத்தை விட்டிலர். அன்று சூளுரைத்தது வீட்டுப்பிள்ளைகளின் பொருட்டு. இன்று இரு திறத்தாரும் அவ்வீட்டுப் பிள்ளைகளே. தந்தையை நச்சரிக்கும் உரிமை உடன்பிறந்தாரைக் கெடுத்தற்கன்று என்பதனை அவர் தம் உயிரீந்து காட்டினார்.